விடியும்வரை விழித்திருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டுப் பிள்ளைகளைப் படுக்கவைத்த வழக்கத்தை விட்டு, எட்டுப் பேருக்கு ஒரு வீடு என்று எங்கள் குழந்தைகள் இல்லம் மாறி இன்றோடு ஓராண்டு ஆகிறது. உங்களுக்கு நேரில் நன்றி சொல்லத்தான் நினைத்தேன். பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் இரவுப் பணி அக்காக்கள். பகலெல்லாம் ஓடியாடும் பிள்ளைக்கும் விளக்கை அணைத்த பிறகுதான் பழைய பயம் எழுந்து வரும். வந்த புதிதில் ஒரு சிறுவன் காலணியைக் கழற்றாமலே தூங்குவான். எந்த நேரமும் ஓடத் தயாராக இருக்க வேண்டும் என்று பழகியிருந்தான். யாரும் அதட்டவில்லை. அக்கா கதவோரம் நாற்காலியைப் போட்டு, "விடியும்வரை இங்கேதான் இருப்பேன்" என்று மட்டும் சொல்வார். சொன்னபடி இருந்தார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் காலணிகள் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. பணிப் பதிவேட்டில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: "இன்று கழற்றிவிட்டுத் தூங்கினான்." அந்தப் பக்கத்தை எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேனோ!

அக்காக்களே, வேலையை விட்டுப் போகாமல் இருந்தீர்களே, அதற்கே தனியாக நன்றி. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. ஆள் மாறி ஆள் பார்த்துக்கொண்ட விடுதிகளில் இருந்தவர்களைவிட, வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். குடும்பத்துக்கு ஈடாக எங்களால் ஆக முடியாது. ஆனால் நேற்றிருந்த முகம் இன்றும் இருக்கும் என்ற நம்பிக்கையை நீங்கள் கொடுத்தீர்கள்.

உடன்பிறந்த ஓர் அக்காவையும் தம்பியையும் வெவ்வேறு இல்லங்களில் சேர்க்க இருந்தபோது விடாமல் அலைந்து ஒன்றாக அனுப்பிவைத்த சமூகப் பணியாளருக்கு நன்றி. தக்க காரணமின்றி உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. காகிதத்தில் இருந்ததை நடத்திக் காட்டியவர் நீங்கள்.

அப்புறம், தச்சர் அண்ணன். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்று பெரிய பிள்ளைகள் கூட்டத்தில் கேட்டபோது, ஆபத்து நேர்ந்தால் வெளியிலிருந்தும் திறக்கும்படியான தாழ்ப்பாளைத் தேடி வாங்கிப் பொருத்தினீர்கள். தாங்கள் கேட்டது நடக்கும் என்பதை அன்றுதான் அவர்கள் நம்பினார்கள்.

படம் எடுக்க வேண்டாம் என்றதும் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்ட நன்கொடையாளர்களே, உங்கள் பணத்தைவிட அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கடைசியாக, 18 வயது முடிந்து வெளியே போன பெண்ணுக்குத் துணையாக இருக்கும் ஆசிரியை. உங்கள் பொறுப்பு என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. போன மாதம் காய்ச்சல் வந்தபோது முதலில் உங்களைத்தான் அழைத்தாளாம். இரவு பதினொரு மணிக்கு. "டீச்சர் உடனே எடுத்துட்டாங்க" என்று என்னிடம் சொன்னாள்.

நன்றியுடன்,
இல்லப் பொறுப்பாளர்