கும்பிடாத ஆபீசரும் உங்க நடுப்பக்க வரியும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல ராணுவத் தலைவர்களோட பக்தியைப் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். அதுல ஒரு வரியைத் தனியா எடுத்து, பெரிய எழுத்துல கட்டம் கட்டி நடுப்பக்கத்துல போட்டிருக்கீங்க. "கும்பிடாத தளபதியை நம்பி எந்தச் சிப்பாயும் சாவுக்குத் துணிய மாட்டான்." ஐயா, நான் 17 வருஷம் யூனிஃபார்ம் போட்டவன், சிப்பாயா சேர்ந்து ஹவில்தாரா வெளிய வந்தவன். அப்படி ஒரு ஆபீசரை நம்பித்தான் நான் போனேன், உயிரோட திரும்பியும் வந்தேன். அந்த வரியைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல, அதான் எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் சாமி இல்லன்னு சொல்ற ஆள் கிடையாது. காலைல கும்பிடாம பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன். சட்டைப் பையில எங்க அம்மா குடுத்த சின்னப் படம் 17 வருஷமும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. ராத்திரி போஸ்ட்ல தனியா நிக்கும்போது, எங்கயோ ஒரு குச்சி ஒடியற சத்தம் கேட்டா வாய் தானா சாமி பேரைச் சொல்லும், அது ராணுவத்துல இருந்த எவனுக்கும் தெரியும். பிரார்த்தனை வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. அதைத் தலைவனுக்கு மார்க் போடற விஷயமா ஆக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

எங்க யூனிட்ல ஒரு சி.ஓ. இருந்தார், யூனிட்டுக்கே தலைவர், பக்தின்னா அப்படி ஒரு பக்தி. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன், சொந்தத் தம்பியைச் சண்டையில பறிகுடுத்தவர், அந்தத் துக்கத்துல சாமியைப் பிடிச்சுக்கிட்டார்னு பேசிக்குவாங்க. ஆனா அவர் வந்தப்புறம் வாராவாரம் நடக்கற பூஜை ரோல்கால் மாதிரி ஆயிடுச்சு. யார் வந்தான் யார் வரல, யார் முன்வரிசையில நின்னான்னு ஒருத்தர் குறிச்சுப்பார். லீவ் லிஸ்ட் போடும்போது அந்தக் குறிப்புக்கு வேலை இருந்துச்சுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், வாய் தொறந்து யாரும் சொல்லல. வேற மதத்துப் பையன் ஒருத்தன், 20 வயசு இருக்கும், கடைசி வரிசையில கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம நிப்பான். கும்பிட்டா அவன் வீட்டுக்குத் துரோகம், கும்பிடலன்னா யூனிட்டுக்குத் துரோகம்னு ஆக்கிட்டாங்க. அந்தப் பையன் முகம் இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. பக்தியை ஆர்டரா போட்டா அதுல பக்தி எங்க இருக்கும் ஐயா, பயம்தானே இருக்கும்?

இன்னொருத்தர் எங்க கம்பெனியில இருந்த லெப்டினன்ட். 26 வயசு. ராத்திரி பேட்ரோல் கிளம்பறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனையா நிறுத்தி சாக்ஸ் காஞ்சிருக்கா, பாட்டில்ல தண்ணி இருக்கா, ரேடியோ பேட்டரி புதுசா பழசான்னு பார்ப்பார். பார்த்து முடிச்சதும் "அஞ்சு நிமிஷம், அவங்கவங்க சாமியைக் கும்பிட்டுக்கோங்க"ன்னு சொல்லிட்டு அவர் மட்டும் தள்ளிப் போய் மேப்பை வெச்சுக்கிட்டு உக்காந்துடுவார். ஒரு தடவை நான் தைரியமா, சார் நீங்க கும்பிடலையான்னு கேட்டேன். "எனக்கு அந்த நம்பிக்கை இல்லப்பா, நீ எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோ"ன்னார். அன்னிலேர்ந்து அவருக்கும் சேத்துத்தான் கும்பிட்டேன். எங்கள்ல ஒருத்தன் செத்தப்போ அவனோட மதச் சடங்கு என்ன, எந்தப் பக்கம் தலை வெக்கணும், யார் மந்திரம் சொல்லணும்னு தர்மகுருகிட்ட உக்காந்து கேட்டு எழுதிக்கிட்டவர் அவர். ஷூவைக் கழட்டிட்டு வெறுங்காலோட கடைசி வரைக்கும் நின்னார். அந்த அம்மாவுக்குக் கடுதாசியும் அவரே எழுதினார், டைப் அடிச்ச பேப்பர்ல கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பல.

எனக்கு முழங்கால் போன அன்னிக்கு என்னைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தது அவர்தான். இவரை நம்பி யாரும் போக மாட்டான்னு நீங்க கட்டம் கட்டிப் போடறீங்க.

அப்புறம் அந்த அமெரிக்கத் தளபதி பாட்டன் கதை. ரெண்டாம் உலகப் போர்ல, 1944 டிசம்பர்ல, ஜெர்மன்காரன் சுத்தி வளைச்சப்போ பாட்டன் முட்டி போட்டு ஜெபம் எழுதினார், மறுநாளே வானம் தெளிஞ்சுதுன்னு உங்க கட்டுரையில இருக்கு. நீங்க விவரம் தெரிஞ்சவர், இதைச் சரிபார்க்காம எப்படி விட்டீங்கன்னுதான் எனக்கு வருத்தம். ஜெபத்தை எழுதினது பாட்டன் இல்ல, அவர் கேட்டு எழுதிக் குடுத்தது படையோட பாதிரியார் ஜேம்ஸ் ஓ'நீல். கேட்டது டிசம்பர் 8, அப்போ ஜெர்மன் தாக்குதலே ஆரம்பிக்கல, விடாத மழையில படை நகர முடியலன்னு கேட்டார். சுமார் 2,50,000 கார்டு அடிச்சு 14-ம் தேதிக்குள்ள சிப்பாய்ங்க கைக்குப் போயாச்சு. 16-ம் தேதி ஜெர்மன்காரன் அடிச்சான், அதே மூடுபனியையும் மேகத்தையும் மறைவா வெச்சுத்தான் அடிச்சான், நேசநாட்டு விமானங்களால பெருசா எதுவும் பண்ண முடியல. வானம் தெளிஞ்சது 23-ம் தேதி. நடுவுல அந்த ஒரு வாரத்துல செத்தவன் பையிலயும் அதே கார்டு இருந்திருக்கும் இல்லையா? அவன் ஜெபம் மட்டும் குறைஞ்சு போச்சா? மறுநாளே தெளிஞ்சுதுன்னு எழுதும்போது அவனை யாரும் நினைச்சுப் பார்க்கல.

பாட்டன் ஜெபம் பண்ணலன்னு நான் சொல்லல, பண்ணினார், நம்பித்தான் பண்ணினார். ஆனா 19-ம் தேதி பிரான்ஸ்ல வெர்டன்ங்கற ஊர்ல, நேசநாட்டுப் படைகளோட தலைமைத் தளபதி ஐசனோவர் கூட்டம் போட்டு எப்போ தாக்க முடியும்னு கேட்டப்போ 22-ம் தேதியே 3 டிவிஷன் படையோட தாக்கறேன்னு சொல்ல முடிஞ்சதுன்னா, கூட்டத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே 3 விதமா பிளான் போட்டு வெச்சுட்டு வந்ததாலதான். ஜெர்மன்காரன் சுத்தி வளைச்சிருந்த பாஸ்டோன் ஊருக்கு 26-ம் தேதி வழி திறந்ததுக்கும் அந்தப் பிளான் காரணம், பனியில திரும்பி வடக்க ஓட்டிட்டுப் போன டிரைவருங்க காரணம். அதைப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி கிடையாது.

ஐசனோவரையே எடுத்துக்கோங்க. அதே 1944-ல பிரான்ஸ் கடற்கரை நார்மண்டியில இறங்கறதுக்குப் படைக்கு அனுப்பின செய்தியைக் கடவுளோட ஆசியை வேண்டித்தான் முடிச்சார். ஆனா வானிலை சொல்றவங்க பேச்சைக் கேட்டு ஜூன் 5-ஐ 6-க்குத் தள்ளி வெச்சார். அதோட விடல, தோத்துப்போனா வெளியிடறதுக்குன்னு தன் கையால ஒரு குறிப்பு எழுதிப் பையில வெச்சிருந்தார், தப்பு எதுவா இருந்தாலும் அது என் ஒருத்தனோடதுன்னு. ஜெயிச்சா சாமி, தோத்தா சிப்பாய்னு கையைக் கழுவற ஆளுங்களையும் நான் பார்த்திருக்கேன், அதனால சொல்றேன், அந்தக் குறிப்பு எனக்கு எந்த ஜெபத்துக்கும் குறைஞ்சது இல்ல.

ஜெர்மன் சிப்பாயோட பெல்ட் பக்கிள்லயும் கடவுள் நம்மோடன்னுதான் பொறிச்சிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியற சமயம், 1865 மார்ச் 4-ம் தேதி ஜனாதிபதி லிங்கன் பேசினப்போ ரெண்டு பக்கமும் ஒரே பைபிளைப் படிக்கிறாங்க, ஒரே கடவுள்கிட்ட ஒருத்தரை எதிர்த்து ஒருத்தர் உதவி கேக்கறாங்கன்னு சொன்னார், அதுவும் ஜெயிக்கப் போற நேரத்துல. எழுதறவங்க இதையும் சேத்து எழுதியிருக்கலாம்.

1943 பிப்ரவரி 3, கிரீன்லாந்து பக்கத்துல டார்செஸ்டர்ங்கற அமெரிக்கப் படைக் கப்பலை டார்பிடோ அடிச்சப்போ அதுல 4 மதகுருமாருங்க இருந்தாங்க, ரெண்டு பேர் புராட்டஸ்டன்ட், ஒருத்தர் கத்தோலிக்கர், ஒருத்தர் யூதர். போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிப் பக்கத்துல நின்னவங்களுக்குக் குடுத்துட்டாங்க, நீ எந்த மதம்னு கேக்கல, நாலு பேரும் கப்பலோடயே போனாங்க. ராணுவத்துல மதம் என்ன பண்ணும்னு எழுதணும்னா இவங்களை எழுதுங்க ஐயா, நான் படிச்சு அழுவேன்.

இன்னொண்ணும் இருக்கு, சொல்லாம இருக்க முடியல. கொஞ்ச வருஷம் முன்னாடி உங்க நிருபர் எனக்கு போன் பண்ணி 40 நிமிஷம் பேசினார். ரேடியோ பேட்டரி, மேப், அந்த லெப்டினன்ட் எல்லாம் சொன்னேன். அச்சுல வந்தது ஒரே ஒரு வரி, "சாமிதான் என்னைக் காப்பாத்துச்சு". நான் சொன்னதுதான், பொய் இல்ல, ஆனா என்னைத் தூக்கிட்டு வந்தவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதைப் படிச்சா அவர் என்ன நினைச்சிருப்பாரோன்னு அன்னிக்கு ராத்திரி தூங்கல. அதைச் சொல்லி 2 கடிதம் போட்டேன், ரெண்டும் வரல. நீங்களும் வேலையில இருக்கறவர், எல்லாக் கடிதமும் போட முடியாதுன்னு புரியுது. ஆனாலும் வலிச்சுது.

இப்போ கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. பாட்டன் பாராவுக்கு ரெண்டு வரி திருத்தம் போடுங்க, ஜெபத்தை எழுதினவர் ஓ'நீல், தேதி இதுன்னு. கட்டம் கட்டிப் போட்ட வரியை வாபஸ் வாங்கச் சொல்லல, அது எழுதினவரோட நம்பிக்கை. இந்தக் கடிதத்துக்கு இடம் பத்தலன்னா ஐசனோவரை எடுத்துடுங்க, லிங்கனை எடுத்துடுங்க, என் முழங்காலையும் எடுத்துடுங்க. அந்த லெப்டினன்ட் அஞ்சு நிமிஷம் குடுத்துட்டுத் தள்ளிப் போய் உக்காந்ததை மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தார்,
உங்க பழைய வாசகன்