கோழியின் கல்லீரலையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒமேகா-3 என்னும் கொழுப்பு அமில வகை செறிந்த முட்டைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, அவற்றை உண்பவர்களுக்குக் கிடைக்கும் நன்மையை விரிவாக எடுத்துரைத்தது. அந்த முட்டையை இடும் கோழியின் உடலில் என்ன நடக்கிறது என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகளாக முட்டைக்கோழி வளர்த்து வருபவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

கோழியின் உடலில் கொழுப்பு பெரும்பாலும் கல்லீரலில்தான் உருவாகிறது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 5 முதல் 6 கிராம் கொழுப்பு இருப்பதால், ஏறக்குறைய நாள்தோறும் முட்டையிடும் கோழி அவ்வளவையும் கல்லீரலில் திரட்டி, இரத்தத்தின் வழியே சூலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். திரட்டுவது மிகுந்து, அனுப்புவது அதற்கு ஈடு கொடுக்காதபோது கொழுப்பு கல்லீரலிலேயே தேங்கி, உறுப்பு வீங்கி, மஞ்சளித்து, தொட்டால் உதிரும் பதத்துக்கு வந்துவிடுகிறது. நன்றாகத் தின்று, நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கொழுத்த கோழி ஒரு காலையில் கொண்டை வெளிறிச் செத்துக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் வயிற்றுக்குள் இரத்தம் உறைந்திருக்கும். கல்லீரல் கொழுப்பு இரத்தக்கசிவு நோய் என்று 1950-களிலிருந்தே அறியப்பட்ட நிலை இது.

எண்ணெய் சேர்த்த தீவனம்தான் இதற்குக் காரணம் என்று பண்ணையாளர்கள் பலர் நம்புகிறார்கள்; நானும் நம்பியிருந்தேன். உண்மை ஏறக்குறைய நேர்மாறானது. மொத்த எரிசக்தி அளவு மாறாதிருக்கும்போது, கொழுப்பு குறைந்து மாவுச்சத்து மிகுந்த தீவனம்தான் கல்லீரலைக் கொழுப்புத் தயாரிக்கும் வேலையில் கூடுதலாக ஈடுபடுத்துகிறது. மக்காச்சோளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு அதே எரிசக்தியைத் தரும் எண்ணெயைச் சேர்த்தால் அந்தச் சுமை குறைகிறது. ஆனால், இருக்கிற தீவனத்தின் மேலேயே எண்ணெயை ஊற்றி, மொத்த எரிசக்தியைக் கூட்டினால் இந்தப் பயன் கிடைக்காது; கூண்டில் அசையாமல் நிற்கும் கோழிக்கு அது கேடாகவே முடியும்.

அடுத்து, எந்தக் கொழுப்பு என்ற கேள்வி. லினோலிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் கோழியால் தானே தயாரிக்க முடியாத ஒன்று. தீவனத்தில் அது 1 சதவீத அளவுக்காவது வேண்டும். குறைந்தால் முட்டை சிறுத்துவிடும். மக்காச்சோளமும் சோயாவும் உள்ள தீவனத்தில் இதற்குப் பஞ்சம் ஏற்படுவது அரிது. ஒமேகா-6 வகையைச் சேர்ந்த இது மிகுந்து, ஒமேகா-3 அருகியிருப்பதே வழக்கமாகக் காணும் நிலை. இரண்டும் உடலில் ஒரே நொதிகளுக்காகப் போட்டியிடுகின்றன. ஒமேகா-6 மேலோங்கினால் அழற்சியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்கள் என்னும் வேதிப்பொருள்கள் உடலில் கூடுகின்றன. ஆளி விதை போன்றவற்றின் வழியே ஒமேகா-3 கொடுக்கப்பட்ட கோழிகளில் மார்பின் நடு எலும்பு முறிவது குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. கோழிகளுக்குத் தானாகவே சூலகப் புற்றுநோய் வருவதுண்டு. அதன் தீவிரமும் ஆளி விதையால் தணிந்தது பதிவாகியுள்ளது.

இவ்வளவு நன்மை இருந்தும் ஆளி விதையை அள்ளிக் கொட்டக் கூடாது என்பேன். அதிலுள்ள லினாட்டின் என்னும் பொருள் வைட்டமின் பி6-இன் வேலையைக் கெடுக்கிறது. சயனைடு வெளியிடும் சேர்மங்களும், எச்சத்தைப் பிசுபிசுப்பாக்கும் கோந்துப் பொருளும் உள்ளன. தீவனத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் கோழி தின்பதும் முட்டையிடுவதும் குறையக்கூடும், முட்டையில் மீன் வாடையும் வரக்கூடும். இவற்றைவிட நான் அஞ்சுவது, அந்தக் கொழுப்பு எளிதில் கெடுவதைத்தான். இரட்டைப் பிணைப்புகள் கூடுதலாக உள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றுப் பட்டால் விரைவில் சிக்கு வாடை எடுக்கின்றன. உடலுக்குள் சென்ற பிறகும் ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாகிக் கல்லீரல் திசுவைச் சிதைக்கக்கூடியவை. கல்லீரலில் கொழுப்பு குறைந்தும் இரத்தக்கசிவு குறையாத சோதனைகள் உண்டு. ஆகவே ஒமேகா-3 கூடும்போது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ-யும் கூட வேண்டும். ஒருமுறை மலிவாகக் கிடைத்தது என்று நெடுநாள் திறந்து கிடந்த பீப்பாய் எண்ணெயை வாங்கிக் கலந்தேன். சில வாரங்களில் முட்டை குறைந்தது, கோழிகள் தீவனத்தைச் சிதறியடித்தன. எண்ணெயை முகர்ந்து பார்க்காமல் வாங்கியது என் தவறு.

பருத்திக் கொட்டைப் பிண்ணாக்கைப் பற்றியும் ஒரு சொல். அதில் எஞ்சியிருக்கும் எண்ணெயின் சைக்ளோபுரோப்பீன் கொழுப்பு அமிலங்கள், எளிதில் உறையும் ஸ்டியரிக் அமிலம் இளகிய ஒலியிக் அமிலமாக மாறுவதைத் தடுப்பதால் மஞ்சள் கரு இறுகி, சேமிப்பில் வெண்கருவும் இளஞ்சிவப்பாகிறது.

தீவன மூட்டைகளில் பெரும்பாலும் மொத்தக் கொழுப்பின் சதவீதம் மட்டுமே அச்சிடப்படுகிறது. ஒமேகா-6, ஒமேகா-3 ஆகியவற்றின் அளவு, சேர்த்த எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் பெராக்சைடு மதிப்பு, வைட்டமின் ஈ அளவு ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகத் தீவன உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு முட்டைக்கோழிப் பண்ணையாளர்