கேஸ் ஷீட்டில் ஒரு தாளுக்கு இடம் கொடுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளின் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

என் தம்பிக்கு வயது 23. ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கவைக்கும் குறைபாடு), அறிவுசார் குறைபாடு, வலிப்பு மூன்றும் அவனுக்கு உண்டு. மனநலப் பிரிவு ஓ.பி.யைப் பற்றி எங்களுக்குப் பெரிய குறை கிடையாது. அங்கே அவனைத் தெரியும். சிக்கல் மற்ற வார்டுகளில்தான். இப்படிப்பட்ட ஒருவர் காய்ச்சலுக்கோ எலும்பு முறிவுக்கோ ஆபரேஷனுக்கோ அட்மிட் ஆனால், அவரைப் பார்த்துக்கொள்ளும் செவிலியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்த ஒரு தாளை எந்த வார்டிலும் நான் பார்த்ததில்லை. அந்தத் தாளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் அவனுக்குக் குடல்வாலில் அழற்சி. வயிறு வலிக்கிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. வலித்தால் நடப்பான். சுவரை ஒட்டியே அங்குமிங்கும் போவான், நடுநடுவே தொடையில் அடித்துக்கொள்வான். அம்மா இதை கேஷுவாலிட்டியில் சொன்னார். "எப்பவுமே இப்படித் துறுதுறுன்னுதான் இருப்பானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் விஷயம் முடிந்துவிட்டது. வலியெல்லாம் துறுதுறுப்புக் கணக்கில் போனது. ஸ்கேன் எடுக்க மறுநாள் ஆயிற்று.

ஆபரேஷன் அன்று வெறும் வயிறு என்பதால் காலை மாத்திரைகள் எதையும் கொடுக்கவில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். அதனால் ஆபரேஷன் அன்றும் ஒரு மடக்குத் தண்ணீரில் அதைக் கொடுப்பதுதான் பொதுவான வழக்கம். மயக்க மருந்து டாக்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நல்லவேளை, வலிப்பு வரவில்லை.

மறுநாள் வேறொன்று நடந்தது. ஏ.டி.எச்.டி.க்காக அவன் காலையில் சாப்பிடும் மீத்தைல்பெனிடேட் மாத்திரையை இரவு எட்டு மணி ரவுண்டில் கொடுத்துவிட்டார்கள். அது விழிப்பூட்டும் மருந்து. இரவில் கொடுத்தால் தூக்கம் போய்விடும், அப்படியே ஆனது. விடிய விடிய எழுந்து எழுந்து நடந்தான், மருந்து ஏற்றக் கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் ஊசியைப் பிடுங்கினான். "ரகளை செய்கிறார்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். அது ஆண்கள் வார்டு. அம்மாவை ஏற்கெனவே வெளியே அனுப்பியிருந்தார்கள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்.

மனநல மருத்துவமனையில் ஒருவரைக் கட்டிவைக்க வேண்டுமென்றால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எத்தனை நிபந்தனை போடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வேறு வழியே இல்லாமல் இருக்க வேண்டும், மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும், காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், அவருடைய பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அறுவை சிகிச்சை வார்டில் ஒரு சுருள் பேண்டேஜ் போதுமானதாக இருந்தது.

செவிலியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவில் அந்த வார்டு முழுவதற்கும் ஒரே சிஸ்டர். எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் எடுத்துத் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக வைத்திருப்பவர்களிடம் போய் இன்னும் பொறுமை காட்டுங்கள் என்று சொல்ல எந்த வாயும் கூசும். பி.எஸ்சி. நர்சிங் பாடத்தில் ஏ.டி.எச்.டி. இருக்கிறது, ஆனால் மனநலப் பாடத்திலும் குழந்தைகள் நலப் பாடத்திலும்தான். குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் 23 வயது ஆணுக்கும் அது இருக்கும் என்று ஞாபகப்படுத்த வார்டில் எதுவும் இல்லை.

அதே வார்டில் மூன்றாம் நாள் மாலை டூட்டிக்கு வேறொரு சிஸ்டர் வந்தார். கட்டை அவிழ்த்தார். அம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, பி.பி. பட்டையை முதலில் அம்மா கையில் சுற்றினார். "தம்பி, புஸ்ஸுன்னு இறுக்கும், அப்புறம் விட்டுடும், பாரு." அவன் பார்த்தான், அப்புறம் தானாகவே கையை நீட்டினான். கதவுப் பக்கம் இருந்த கட்டிலை மூலைக்கு மாற்றினார். மருந்து ஏறும் நேரத்தை மொபைலில் டைமர் வைத்துக் காட்டினார். அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்டோவர் கொடுக்கும்போது இதையெல்லாம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போனார். அதற்கு அடுத்த ஷிஃப்டுக்கு அது போய்ச் சேரவில்லை.

ஆக, நான் கேட்கும் தாள் இதுதான். அட்மிஷன் போடும்போது கூட வந்தவரைக் கேட்டு நிரப்ப வேண்டும், கேஸ் ஷீட்டின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். வலித்தால் இவர் என்ன செய்வார், எதைச் சொன்னால் புரியும், எந்தச் சத்தம் ஆகாது, தொட்டால் என்ன ஆகும், ஊசி போட எது உதவும், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எதை நிறுத்தவே கூடாது. மாத்திரை விஷயத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மீத்தைல்பெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள மருந்து. கடைக்காரர் சீட்டின் நகலை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதால் பல கடைகளில் வைப்பதே இல்லை. "வெளியில வாங்கிட்டு வாங்க" என்று இரவில் சொன்னால் கிடைக்காது. கையிலிருக்கும் மாத்திரையை வார்டு பொறுப்பில் வாங்கி, சரியான நேரத்துக்குக் கொடுக்க ஏற்பாடு வேண்டும். பி.பி.யையும் நாடித்துடிப்பையும் இந்த மருந்து ஏற்றக்கூடும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

இங்கிலாந்தில் இப்படி ஒரு தாளை 'மருத்துவமனை பாஸ்போர்ட்' என்கிறார்கள். அறிவுசார் குறைபாட்டுக்கென்றே தனி நர்சிங் படிப்பும் அங்கே உண்டு. அப்படியிருந்தும் 2016இல் பிரிஸ்டல் நகரில் ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயதுப் பையன் இறந்துபோனான். ஆட்டிசமும் வலிப்பும் இருந்த பையன். மனநோய்க்கான மருந்து எதுவும் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனும் பெற்றோரும் சொல்லியும் ஒலான்சபின் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தார்கள். அவன் தாய் விடாமல் போராடினார். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்வது குறித்து மருத்துவமனை ஊழியர்களுக்குப் பயிற்சி 2022இல் அங்கே சட்டப்படி கட்டாயமானது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சிகிச்சையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. ஆனால் அது பட்டியலிடும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி.யின் பெயர் இல்லை. தம்பியின் அடையாள அட்டையில் அறிவுசார் குறைபாடு மட்டும்தான் இருக்கிறது. அட்டையைப் பார்க்கும் சிஸ்டருக்கு மற்ற இரண்டும் தெரிய வழியில்லை. சட்டத்தைத் திருத்துவது டெல்லி வேலை, சரி. தாள் அச்சடிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு சின்ன யோசனை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருபவர்களிடம் பி.பி. கருவி ஏற்கெனவே இருக்கிறது. மீத்தைல்பெனிடேட் சாப்பிடுபவர்களின் பி.பி., நாடித்துடிப்பு, எடை மூன்றையும் அவர்களே பார்த்து எழுதினால், அதற்காக மட்டும் பஸ் ஏறி வருவது மிச்சம்.

மாதிரித் தாள் ஒன்றை எங்களைப் போன்ற சில குடும்பங்கள் சேர்ந்து தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். திருத்தித் தாருங்கள். ஏதாவது ஒரு மருத்துவமனையில் ஆறு மாதம் வைத்துப் பாருங்கள். தாள் வர நாளாகலாம். ஆண்கள் வார்டில் இவர்களுக்கு மட்டும் இரவில் அம்மாவோ அக்காவோ துணைக்கு இருக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கையை இந்த வாரமே அனுப்பலாம். கட்டிலைச் சுற்றி ஒரு திரை போட்டால் மற்ற நோயாளிகளுக்கும் சங்கடம் இருக்காது. அனுப்பும்போது ஒரு நகலை வாசலில் இருக்கும் காவலாளிக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மாவை அன்று வெளியே அனுப்பியது டாக்டரோ சிஸ்டரோ இல்லை, அவர்தான்.

இப்படிக்கு,
ஓர் அக்கா