பூக்குழியை அளக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் ஊர் திரௌபதை அம்மன் தீமிதியை உளவியல் முதுநிலை ஆய்வுக்கு எடுத்திருப்பது நல்ல விஷயம். கேள்வித்தாளைப் படித்தேன். முதல் கேள்வியே "உங்களுக்கு இறைநம்பிக்கை உண்டா?" காப்பு கட்டி, விரதமிருந்து, மஞ்சள் வேட்டியோடு நிற்பவரிடம் கேட்டால் வேறென்ன சொல்வார்? எல்லோரும் ஒரே பதில் சொல்லும் கேள்வியால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. எடுத்துவிடுங்கள்.

"தீ சுட்டதா?" என்பது அதைவிட மோசம். சுட்டது என்றால் விரதத்தில் குறை என்று ஊர் பேசும். கால் கொப்பளித்தவரும் "அம்மா பார்த்துக்கிட்டா" என்றுதான் சொல்வார். வலியை வாயால் கேட்காதீர்கள். 0 முதல் 10 வரை கோடு போட்ட அட்டையைக் கொடுத்து, விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்போது சொந்தக்காரர் யாரும் அருகில் இருக்கக் கூடாது.

நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இறங்குபவரை மட்டுமல்ல, ஓரத்தில் நிற்கும் அவர் மனைவியை, அண்ணனை. ஸ்பெயினில் சோரியா மாகாணத்துச் சின்ன ஊர் சான் பெட்ரோ மன்ரிக்கே. அங்கே ஜூன் 23 இரவு தணலில் நடப்பார்கள், பலர் வேண்டியவரை முதுகில் சுமந்தபடி. தணலின் வெப்பம் 677 டிகிரி செல்சியஸ். ஆய்வாளர்கள் இவானா கொன்வாலிங்காவும் டிமிட்ரிஸ் க்ஸிகலாடாஸும் மற்றவர்களும் சேர்ந்து அங்கே 38 பேரின் இதயத் துடிப்பைப் பதிவு செய்து 2011இல் வெளியிட்டார்கள். நடந்தவர் 12, அவர்களின் உறவும் நட்புமாய் நின்றவர் 9, வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர் 17. நடந்தவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதத்திலேயே, சும்மா நின்ற உறவினரின் துடிப்பும் ஏறி இறங்கியது. வெளியூர்க்காரரிடம் அது இல்லை.

இந்த மூன்றாவது கூட்டம் உங்கள் திட்டத்தில் இல்லை. அது இல்லாவிட்டால் ஆய்வு எடுபடாது. "பம்பைச் சத்தத்துக்கு எல்லோருக்கும்தான் படபடக்கும்" என்று தேர்வாளர் ஒரே வரியில் தள்ளிவிடுவார். அதே பம்பையை, அதே கூச்சலை, அதே அனலில் நின்று கேட்ட அந்நியர்தான் அதற்குப் பதில்.

அடுத்து, இதயத் துடிப்பை அளக்கும் கருவி விஷயம். கைக்கடிகார வகை வேண்டாம்; அருள் வந்து கை உதறும்போது அளவு தாறுமாறாகிவிடும், மணிக்கட்டில் காப்பும் இருக்கும். நெஞ்சுப் பட்டைதான் சரி. ஈரம் இருந்தால்தான் அது தோலோடு பேசும். மஞ்சள் நீர் பட்டால் பரவாயில்லை, சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டினால் பதிவு அறுந்துபோகும். அதனால் சந்தனம் பூசுவதற்கு முன்பே அணிவித்துவிட வேண்டும். காப்பு கட்டியவரைத் தொடலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். பூசாரியிடம் கேளுங்கள், எப்படியும் பட்டையை அவரவரே மாட்டிக்கொள்ளட்டும். முந்தின நாள் அதே நேரத்தில் உட்காரவைத்து 10 நிமிடப் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் வீடியோ கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நொடிக்கு வையுங்கள். அரை நிமிடம் பிசகினாலும் யார் எப்போது குழியில் இருந்தார் என்பதே குழம்பிவிடும்.

சம்மதக் கையெழுத்து காப்புக் கட்டுக்கு முன்பே. அருள் வந்து ஆடுபவரிடம் வாங்கியது சம்மதமே அல்ல.

பேட்டியை இரண்டு முறை எடுங்கள்: இறங்கி வந்த அரை மணிக்குள் ஒன்று, இரண்டு மாதம் கழித்து அதே கேள்விகளோடு இன்னொன்று. சான் பெட்ரோவில் இப்படிச் செய்தபோது, நடந்த கையோடு கேட்டவர்களுக்கு அதிகம் நினைவில்லை, சொன்னது மட்டும் பெரும்பாலும் சரியாக இருந்தது. இரண்டு மாதத்தில் விவரம் கூடியிருந்தது, உறுதியும் கூடியிருந்தது, பிழையும் கூடியிருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்த நேரத்தை அமைதியாக இருந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அனுபவம் சாட்சியமாக மாறுவது அந்த இடைவெளியில்தான். என் கணிப்பில் உங்கள் ஆய்வின் சதைப்பற்றே அது. "எத்தனை எட்டு வைத்தீர்கள்? எதிரே யார் நின்றார்கள்?" என்று வீடியோவோடு ஒத்துப்பார்க்கக்கூடியதைக் கேளுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள்.

உண்டியலில் போடும் பணத்தை அளக்கும் யோசனை மொரீஷியஸ் தைப்பூச ஆய்வில் இருந்து வந்தது என்று நினைக்கிறேன். 2013இல் வெளியான அந்த ஆய்வில் ஆளுக்கு 200 மொரீஷியஸ் ரூபாய் கொடுத்து, விருப்பப்பட்டதை ரகசியமாகக் கோயிலுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய 81 ரூபாய் கொடுத்தார்கள், அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 133. கூடவே நடந்து பார்த்தவர்கள் 161! நீங்களும் செய்யலாம், ஆனால் ஒற்றை 200 ரூபாய்த் தாளாகக் கொடுத்தால் முழுசாகப் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள். பத்துப் பத்து ரூபாயாகக் கொடுங்கள், உறையில் பெயர் வேண்டாம்.

ஆள் போதுமா என்று கவலைப்பட்டிருந்தீர்கள். பட்டை வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள். நடந்தவர் 12 பேரை வைத்தே அந்த ஸ்பெயின் ஆய்வு எடுபட்டது. பட்டை குறைவாக இருந்தால் நடப்பவர் எண்ணிக்கையைக் குறைத்து, அந்நியருக்கு ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்