பரணில் இருக்கும் பெட்டி

திருவண்ணாமலை
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

ஆடியில் நீ எழுதியதற்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அக்காவுக்கு முட்டி அறுவை நல்லபடியாக முடிந்தது என்று முத்துவேல் சொன்னான், நிம்மதியாக இருந்தது. உன் மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதல் வரியாக எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாக இதை மனசில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். வீட்டில் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் இது உன்னிடம் சொல்ல வேண்டிய சங்கதி. ஏன் என்று கடைசியில் தெரியும், நடுவில் தாவிப் போகாதே.

சாத்தனூர் அணைக்குப் போகிற வழியில், ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஒரு நடுகல்லை 2019 தையில் படம் எடுத்துப் போட்டேனே, நினைவிருக்கிறதா? வில்லை இழுத்துப் பிடித்தபடி ஒரு வீரன், இடுப்பில் குறுவாள், தலைக்கு மேலே நாலு வரி வட்டெழுத்து. ஊர்க்காரர்களுக்கு அவன் வேடியப்பன். நம் பக்கத்தில் பாதி நடுகற்களுக்கு அதுதானே பெயர். அதைப் பார்த்துவிட்டு நீ எழுதினாய்: "மலைக்குப் பின்னால் சூரியனைப் போடு, தீபத்தைப் போடு. கல்லைப் போட்டால் எவன்டா பார்ப்பான்?" நீ சொன்னது சரிதான். அந்த வருஷம் நான் போட்ட தீபப் படத்துக்கு இரண்டாயிரம் லைக் தாண்டியது. கல்லுக்குப் பதினொன்று. அதில் ஒன்று உன்னுடையது, ஒன்று முத்துவேலுடையது.

ஆனாலும் அந்தக் கல்லை நான் விக்கிமீடியா காமன்ஸிலும் ஏற்றி வைத்தேன். ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பெயரை மட்டும் குறிப்பிடுங்கள் என்ற உரிமத்தில். படத்தின் குறுக்கே பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள் என்று நீ எத்தனை முறை சண்டை போட்டாய்! போடவில்லை. வட்டெழுத்தின் மேல் என் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்த மறு வாரம் ஒரு பையனிடமிருந்து செய்தி வந்தது. அந்த ஊர்க்காரன், பாலிடெக்னிக் படிக்கிறான். "ஐயா, எங்க வேடியப்பன் போட்டோ பெருசா இருக்குங்களா?" என்று கேட்டிருந்தான். எதற்கப்பா என்றேன். சாலையை அகலப்படுத்தியபோது பொக்லைன் கரையைச் சரித்ததில் கல் மூன்று துண்டாகிவிட்டதாம். மேல் துண்டு மட்டும் கையில் கிடைத்திருக்கிறது. மற்ற இரண்டும் மண்ணோடு சேர்ந்து லாரியில் ஏறி எந்தப் பள்ளத்தை நிரப்பினவோ, யாருக்கும் தெரியவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்ற கல், செல்வம். ஒரு மத்தியானத்தில் போய்விட்டது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர் கூடிப் பேசி, மாமல்லபுரத்தில் ஒரு சிற்பியிடம் அதே மாதிரி புதுக்கல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பழைய துண்டு பக்கத்தில் நிற்கும், புதிய கல்லுக்குப் பூசை நடக்கும். சிற்பி படம் கேட்டிருக்கிறார். இணையத்தில் தேடியதில் அந்தக் கல்லுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. என்னுடையது.

இரண்டுக்கு மூன்றடியில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். புளியமரத்தின் வேர் பாதி வெளியே தெரிகிறது, பக்கத்தில் தார்ச்சாலை பளபளவென்று கிடக்கிறது. பிரிண்டைத் திண்ணையில் சாய்த்து வைத்தோம். ஒரு பாட்டி, எண்பது வயதுக்குக் குறையாது, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு படத்தைத் தொடாமல் தொட்டுக் கும்பிட்டாள். அப்புறம் கீழே குனிந்து பார்த்தாள். "நாயி எங்கப்பா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "அடியில நாயி நிக்கும்ல? நான் வாக்கப்பட்டு வந்தப்ப முழுசாத் தெரியும். கரைக்கு மண்ணு கொட்டி அடிச்சாங்க, மறைஞ்சிடுச்சு." மண் கொட்டியது எப்போது என்று கேட்டேன். பேரன் பிறந்த வருஷம் என்றாள். பேரனுக்கு இப்போது இருபத்திநாலு.

நாய் என்றதும் உனக்கு என்ன ஞாபகம் வருகிறது சொல். எனக்கு ஐயா கரும்பலகையில் எழுதிக் காட்டிய வரி வந்தது. எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எசமான் விழுந்த இடத்தில் நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்த நாய், அதன் பெயர் கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்ததை நீயும் பார்த்தாய்.

வீட்டுக்கு வந்ததும் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். இங்கேதான் உன்னோடு எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. "நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழி, டிஸ்க் வாங்கியே சம்பளம் போகுது உனக்கு" என்று நீ சொல்லாத நாள் கிடையாது. உன் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அன்றைக்கு எடுத்த 41 படங்களும் ரா கோப்பாக, கேமரா பிடித்த வெளிச்சம் சுருக்கப்படாமல், அப்படியே இருந்தன. நான் இணையத்தில் போட்டது முப்பத்தெட்டாவது. அதில் அடிப்பகுதியை நானே வெட்டியிருந்தேன். புல்லும், ஒரு பாலித்தீன் பையும், உடைந்த அகலும் கிடந்தன, படம் அழகாக வரவில்லை என்று வெட்டிவிட்டேன். அழகுக்காக வெட்டினேன், செல்வம். அந்தக் கை இன்னும் எனக்கு உறுத்துகிறது.

முதல் படம், வெளிச்சம் பார்க்க எடுத்தது. காலை ஆறே முக்கால், சூரியன் இன்னும் கரைக்கு மேலே ஏறவில்லை, படம் முழுக்க ஒரே இருட்டு. பார்த்தால் எவனும் அழித்துவிடுவான். ஜேபெக்காக இருந்திருந்தால் அந்த இருட்டில் எதுவும் மிஞ்சியிருக்காது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். ராவில் 14 பிட் என்றால் 16,384 படிகள். நிழலை மெல்ல மெல்ல ஏற்றினேன். கல் சாம்பலாக எழுந்தது. புல் பச்சையானது. புல்லுக்குப் பின்னால், வீரனின் இடது காலுக்குக் கீழே, மேல்நோக்கிச் சுருண்ட ஒரு வால். அதற்குக் கீழே பின்னங்கால் ஒன்று, தொடை வரைக்கும். மற்றதெல்லாம் மண்ணுக்குள். ராத்திரி ஒரு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

இன்னொன்றும் கேள். சிற்பி அளவு கேட்டிருந்தார். நான் அளவுகோல் வைத்து எடுக்கவில்லை, அன்றைக்கு அந்தப் புத்தி இல்லை. அந்த முதல் படத்தில் மட்டும் கல்லின் அடியில் லென்ஸ் மூடியைச் சாய்த்து வைத்திருந்தேன். ஆமாம், மூடி. சிரிக்காதே. மூடியை வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்தேன், 60 மில்லிமீட்டர். படத்தில் அது 220 பிக்சல், கல் 4,310 பிக்சல். கணக்குப் போட்டால் மண்ணுக்கு மேலே 3 அடி 10 அங்குலம். கையில் இருக்கும் மேல் துண்டின் அகலத்தை அளந்து சரிபார்த்தோம், ஒத்துப்போகிறது.

இதற்கப்புறம் நான் படம் எடுக்கும் விதமே மாறிவிட்டது. இப்போதெல்லாம் பையில் ஓர் அடி ஸ்கேல், இரண்டு டார்ச், ஒரு ட்ரைபாட். மத்தியான வெயிலில் எழுத்துக் கல்லை எடுக்கவே கூடாது. வெளிச்சம் நேராக விழுந்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் இல்லாமல் எல்லாம் சமமாகிவிடுகிறது. காலையில் அல்லது சாயங்காலத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் வழியும்போது எடுக்க வேண்டும். அதைவிட நல்லது இருட்டின பிறகு. கேமராவை அசையாமல் நிறுத்தி, பத்து விநாடி திறந்து வைத்து, டார்ச்சைக் கல்லின் விளிம்போடு ஒட்டிப் பிடித்தால் போதும். பகலில் வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் எழுத்து ஒவ்வொன்றாகக் கிளம்பி வரும். இடது பக்கமிருந்து ஒன்று, வலது பக்கமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. ஒரு வெளிச்சத்தில் ஒளிந்துகொள்கிற கோடு இன்னொன்றில் அகப்படும். சிலர் மைதா மாவைத் தேய்த்துப் படிக்கிறார்கள், சாக்பீஸால் எழுத்தின் மேலேயே எழுதுகிறார்கள். பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. கல்லைத் தொடாமலே படிக்க வெளிச்சம் இருக்கும்போது எதற்கு அது?

ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை உனக்குத் தெரியும்தானே? அரியலூர் மாவட்டத்துக் கோயிலில் திருடிய சிலை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வரைக்கும் போய், 2014இல் திரும்பி வந்தது. அது நம்முடையதுதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய படங்கள். எடுத்தவர் அன்றைக்கு ஏதோ ஒரு கோயிலில் எல்லாச் சிலைகளையும் வரிசையாக எடுத்திருப்பார், சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். அந்த மாதிரிப் படம் எடுக்கத்தான் எனக்கு ஆசை. தீபத்தையும் எடுப்பேன், அதை விடமாட்டேன், ஆனால் காலை வெளிச்சம் இனிமேல் கல்லுக்குத்தான்.

ஒரு கவலையும் இருக்கிறது, அதற்கு உன் யோசனை வேண்டும். போனில் இருப்பிட வசதி திறந்திருந்தால், எடுக்கும் படத்துக்குள்ளேயே இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எழுதப்பட்டுவிடுகிறது. நடுகல்லுக்குக் கீழே புதையல் இருக்கிறது என்று நம்பி ராத்திரியில் தோண்டுகிற கூட்டம் இன்னும் இருக்கிறது. தனியாக நிற்கிற கல்லின் இடத்தை நானே வழிகாட்டிக் கொடுத்துவிடுவேனோ என்று பயம். அதே சமயம், ஊர்ப் பெயர் போட்டிருந்ததால்தானே அந்தப் பையன் என்னைக் கண்டுபிடித்தான்? இப்போதைக்கு ஊர்ப் பெயரைப் போடுகிறேன், துல்லியமான இடத்தைப் பொதுவில் போடுவதில்லை. அதைத் தனித்தாளில் எழுதித் தொல்லியல் துறைக்கு அனுப்புகிறேன், ஊரில் நம்பகமான ஒருவரிடமும் சொல்லி வைக்கிறேன். இது போதுமா, நீ என்ன நினைக்கிறாய்?

இப்போது உன் பங்குக்கு வருகிறேன்.

1991இல் ஐயாவோடு செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் நாம் போனோமே, நாலு நாள். உன் யாஷிகா, ஸ்டூடியோ மாமா கடனாகக் கொடுத்த 36 படச் சுருள்கள். நான் கல்லெழுத்தை மையில் பதியெடுக்கும் மைப்படித் தாளை நனைத்துக்கொண்டிருந்தேன், முத்துவேல் பஸ் நேரம் கேட்கப் போயிருந்தான், நீ ஒரு கல் விடாமல் எடுத்தாய். இந்த ஏரிக்கரையிலும் நாம் இறங்கினோம் என்று முத்துவேல் அடித்துச் சொல்கிறான். புளியம்பழம் பொறுக்கி உப்பு வைத்துத் தின்றது அங்கேதானாம். எனக்கு மரம் ஞாபகமிருக்கிறது, கல் இல்லை. அப்போது கரைக்கு மண் கொட்டவில்லை. நீ எடுத்திருந்தால் நாய் முழுசாக இருக்கும். காதும் முகமும் உட்பட.

நெகட்டிவ் எல்லாம் விழுப்புரத்தில், அக்கா வீட்டுப் பரணில், அந்தத் தகரப் பெட்டியில் இருக்கிறது. அக்காவிடம் போனில் பேசினேன். போகிக்குப் பரணை ஒழிக்கப் போகிறார்களாம், பெட்டியைத் தொடமாட்டோம், ஆனால் சாவி செல்வத்திடம்தான் என்றாள். சிற்பி தை முடியும்வரை நாயின் பகுதியைச் செதுக்காமல் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இத்தனை வருஷம் நீ ஏன் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதே சுருள்களில் பாபு இருக்கிறான். கடைசி நாள் சாத்தனூரில் அவன் நம்மோடு வந்து சேர்ந்துகொண்டதும், நீ மிச்சமிருந்த படங்களையெல்லாம் அவனை எடுத்தே தீர்த்ததும் நான் மறக்கவில்லை. உனக்குக் கஷ்டம் என்றால் நீ பார்க்க வேண்டாம். நான் பார்த்து, அவன் இருக்கிற துண்டுகளைத் தனிக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். நீயாகக் கேட்கிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

பொங்கலுக்கு நீ விழுப்புரம் வருவாய்தானே. போகிக்கு முந்தின நாளே வந்துவிடு. பெட்டியை நீயாகத் திறந்தால் துணியால் எதையும் துடைக்காதே, தண்ணீர் படவே கூடாது, ஃபிலிமை ஓரத்தில் மட்டும் பிடி. காடி வாடை அடித்தால் பயப்படாதே, ஃபிலிம் மக்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எனக்குச் சொல். நான் மேக்ரோ லென்ஸும் லைட் பலகையும் எடுத்துக்கொண்டு அதிகாலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். ஒரு நாளில் எல்லாவற்றையும் படம் பிடித்துவிடலாம். அக்காவின் சாப்பாட்டு மேசை போதும்.

சாவியை இப்போதே தேடி எடுத்துப் பையில் போட்டு வை. போட்டதும் ஒரு வரி எழுது.

உன்
கணேசன்