பெட்டிச் சோறு: கோவில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு, வணக்கம்.

இந்தத் தைப்பூசக் காவடி முடிந்ததும் கோவில் வாசலில் வரிசையில் நின்றேன். போனில் வந்த குறியீட்டைக் காட்டினேன். வாழையிலைப் பந்திக்குப் பதிலாகக் கையில் ஒரு காகிதப் பெட்டியைக் கொடுத்தார்கள். காவடி விருந்தின் ஏழு கறியும் அதற்குள்தான். பூசணியும் பலாக்காயும் ஒன்றாகக் குழைந்து, ராசோன் மட்டும் தனியாக ஒரு குட்டி டப்பாவில் (மொரீஷியஸில் அதை ரசம் என்று யார் சொல்கிறோம்!). வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் தின்று முடித்தேன். ருசியில் குறையில்லை.

சௌகரியத்துக்காகச் செய்தோம் என்றீர்கள். சரி, நானும் சோம்பேறிதான். 1950-இல் அமெரிக்காவில் ஸெனித் கம்பெனி விற்ற முதல் டிவி ரிமோட்டுக்குப் பெயரே 'லேசி போன்ஸ்', அதாவது சோம்பேறி. பெயரிலாவது நேர்மை இருந்தது. அதன் வயர் காலில் தட்டுகிறது என்று ஜனங்கள் முணுமுணுக்க, 1955-இல் வயரில்லாத ரிமோட் வந்துவிட்டது. எழுந்து நடக்காமலிருக்க மனுஷன் எவ்வளவு மூளையைச் செலவழித்திருக்கிறான்!

ஆனால் வாழையிலையும் சௌகரியம்தானே? தேய்க்க வேண்டாம், அடுக்க வேண்டாம். சாப்பிட்டு மடித்தால் தீர்ந்தது, மாட்டுக்கோ உரக்குழிக்கோ போய்விடும். பெட்டியோ மார் ஷிக்கோஸ் குப்பை மேட்டுக்குப் போகிறது. 2021 ஜனவரியில் இங்கே பிளாஸ்டிக் தட்டுக்கும் டப்பாவுக்கும் தடை வந்தபோது, மாற்றாக என்ன செய்வது என்று கடைக்காரர்கள் அலைந்தார்கள். நம்மிடம் இலை இருந்தது. அதை விட்டுவிட்டு நாம் பெட்டிக்குப் போனோம்.

பரிமாற ஆள் வருவதில்லை என்கிறீர்கள், அது நிஜம், மறுக்கவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். என் மகன் வீட்டில் இந்த ஊர் கிரியோல் மொழிதான் பேசுவான். பன்னிரண்டு வயதில் வாளியும் கரண்டியுமாகப் பந்தியில் இறங்கினான். ஒரு பாட்டி இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, "போதும்டா, போதும்" என்றார். இவன் விடாமல் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டான், கை முழுக்கக் குழம்பு. பந்தியே சிரித்தது. அந்த வார்த்தை இன்றுவரை அவன் வாயில் இருக்கிறது. பெட்டி வரிசையில் யாரும் யாரிடமும் பேசவில்லை.

வயதானவர்களுக்கும் வேலைக்கு ஓடுபவர்களுக்கும் பெட்டி இருக்கட்டும். அடுத்த தைப்பூசத்தில் ஒரே ஒரு பந்தியாவது இலையில் போடுங்கள். என் தோட்டத்தில் பதினைந்து வாழை நிற்கிறது. விடியற்காலை நானும் மகனும் இலை அறுத்துக் கொண்டு வருகிறோம், அப்புறம் பரிமாறவும் நிற்கிறோம். மடப்பள்ளிச் சாவி யாரிடம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரிசையில் நின்றவர்களில் ஒருவன்