ஞாயிறு நடிப்பு கிளாஸ், படிச்சிட்டு வாங்க

வணக்கம் மக்களே, இந்த ஞாயிறும் தோட்டத்து பாலாய் ராயா பொது மண்டபத்துலதான் கிளாஸ், காலையில 9 மணின்னா 9 மணி லா, ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு 10க்கு வர்றவங்களுக்கு நாற்காலி அடுக்கற வேலைதான்.

போன வாரம் ஒரு தம்பி அழற சீன் செஞ்சாரு, மேடையில நல்லாதான் இருந்துச்சு, அதையே போன்ல கிட்ட வச்சு எடுத்துப் பாத்தா புருவமும் கழுத்து நரம்பும்தான் தெரியுது, அழுகைய காணோம்! மேடையில கடைசி வரிசை பாட்டி வரைக்கும் போய்ச் சேரணும், கேமராவுக்கு கண்ணு அசைஞ்சாலே போதும். அதனால இந்த தடவ அதே சீன ரெண்டு விதமாவும் செய்யப் போறோம். ஃபேன் சத்தத்த மீறணும்னு தொண்டையில கத்தாதீங்க, அடிவயித்துல இருந்து மூச்ச எடுங்க.

வசனம் மனப்பாடம் பண்ணா பத்தாது. உங்க பாத்திரத்துக்கு அந்த நேரத்துல என்ன வேணும்னு ஒரு வரி எழுதிட்டு வாங்க. ரஷ்யாக்காரர், நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி சொல்லிக் கொடுத்ததுதான், அவரு 1938லயே போயிட்டாரு, இன்னும் நடிகருங்க அதத்தான் புடிச்சிட்டு இருக்காங்க.

எஸ்பிஎம் (அஞ்சாம் பாரம் பரீட்சை) முடிச்சவங்க கோலாலம்பூர் அஸ்வாரா கலை அகாடமி பத்தி கேட்டீங்கள்ல, அங்க நாடகத்துக்கு டிப்ளோமா இருக்கு, அதுக்கு மலாய் வசனமும் இப்பவே பேசிப் பழகுங்க.

தண்ணி போத்தல் அவங்கவங்க கொண்டு வரணும், சிலிப்பர் வேணாம்.